கொந்தகைத் தாழியும் போலந்து அரிவாளும்

போலந்தின் பியென் கிராமத்தில் 2022இல் 17ஆம் நூற்றாண்டுக் குழி ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. கழுத்தின் குறுக்கே அரிவாள், இடது கால் பெருவிரலில் பூட்டு. எழுந்தால் கழுத்து அறுபடட்டும் என்று செய்த ஏற்பாடு. சிசிலித் தீவின் கமரினாவில், கிரேக்கர் காலத்து இடுகாட்டில், இரண்டு உடல்களின் மேல் கல்லும் சாடித் துண்டும் ஏற்றியிருந்தார்கள். செத்தவர் திரும்பி வந்து இருப்பவர்களை வதைப்பார் என்ற அச்சத்தின் தடயங்களாக ஆய்வாளர்கள் இவற்றைப் படிக்கிறார்கள். இதையெல்லாம் கேட்டால் நம் முதுமக்கள் தாழிகளிலும் ரத்தக்காட்டேரியைத் தேடத் தோன்றும். மதுரைச் சமவெளியின் சான்றுகளோ நேர் எதிர்த் திசையைக் காட்டுகின்றன. இங்கே பயம் பிணத்தைப் பார்த்து வந்ததல்ல, பிணத்துக்காக வந்தது.

மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில் மக்கள் வாழ்ந்தார்கள். இறந்தவர்களைப் பக்கத்துக் கொந்தகையில் புதைத்தார்கள். தமிழகத் தொல்லியல் துறை 2020 முதல் அங்கே தோண்டியெடுத்த தாழிகளில் எலும்புகளோடு கறுப்பு-சிவப்புக் கிண்ணங்களும் இரும்புப் பொருள்களும் கிடைத்தன. கட்டிப்போட்ட கைதிக்கு யாரும் கிண்ணம் வைப்பதில்லை. இலக்கியமும் இதற்கு ஒத்துப்போகிறது. நள்ளிரவு மதுரையில் பேயும் அணங்கும் உருக்கொண்டு திரிவதாக மதுரைக்காஞ்சி சொல்கிறது. சங்கப் பாட்டின் பேய்மகள் போர்க்களத்தில் பிணம் தின்பவள். புறநானூற்றின் 281ஆம் பாட்டில், புண்பட்ட வீரன் கிடக்கும் வீட்டில் வேப்பிலை செருகி, யாழும் மணியும் ஒலிக்க, வெண்கடுகு தூவி, நறும்புகை போட்டுக் காவல் இருக்கிறார்கள். போலந்துக்காரர் பிணத்திடமிருந்து ஊரைக் காத்தார். நம்மவர் பேயிடமிருந்து உடலைக் காத்தார்கள்.

‘பேய்க்கு இரும்பு ஆகாது என்பது நம் ஊர் நம்பிக்கைதானே, அப்படியானால் தாழியில் இரும்பு எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தோண்டியபோது, இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கிச் செருகிய நிலையில் இருந்ததைப் பதிவு செய்தார். ஆனால் அவை செருகப்பட்டிருந்தது தாழியைச் சுற்றிய மண்ணில், உடலில் அல்ல. அதே இடுகாட்டில் தங்க நெற்றிப்பட்டங்களும், நெல், தினை உமி ஒட்டிய கலங்களும் கிடைத்திருக்கின்றன. பயந்து ஒடுக்கிய பிணத்துக்குப் பொன்னும் சோறும் எதற்கு? அந்த இரும்பை வேலியாகவோ துக்கம் கொண்டாடியவர்களின் மரியாதையாகவோ படிப்பதுதான் பொருந்தும்.

தூக்கில் தொங்கியவரும் பிரசவத்தில் செத்தவரும் பேயாக வருவார்கள் என்று கிராமங்கள் இன்றும் நம்புகின்றனவே என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான், அந்த நம்பிக்கை எவ்வளவு பழையது என்பதைத் தாழிகளை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு நாம் கண்ட மருந்தைப் பாருங்கள். கழுத்தில் அரிவாள் வைக்கவில்லை. பீடம் போட்டுப் பொங்கல் வைத்தோம். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டதாகக் கதை சொல்லும் மதுரை வீரன், மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுர வாசலில் காவல் தெய்வமாக நிற்கிறான். அகாலமாய்ச் செத்தவனிடம் பயம் இருந்தது. அதைத் தீர்க்க அவனுக்கே காவல் வேலை கொடுத்தார்கள்.

ஆகவே இனி ஒரு தாழியைத் திறக்கும்போது, இரும்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அது உடலின் மேல் கிடக்கிறதா, பக்கத்தில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தச் சில அங்குல வித்தியாசத்தில்தான் விலங்கும் காவலும் பிரிகின்றன.