கடலையும் கௌரவமும்

நீரூற்று இல்லாத நிலத்திற் கிணறு வெட்டும் தனிமனிதன், சில நாட்களில் அலுத்து, மனைவி சொல்லக் கேட்டாவது மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுவான். அதே கிணற்றை ஒரு சபை வெட்டத் தொடங்கின் நிலைமை வேறு. ஆழம் போதாதென்று ஓர் உபகுழு அறிக்கை விடுக்கும். மண்வெட்டி சிறிதென்று மற்றொன்று கண்டுபிடிக்கும். இடமே பிழையென்று வாய்திறந்த அங்கத்தவர் மாத்திரம் அடுத்த ஆண்டு நிருவாகத் தெரிவிற் காணப்படார்.

இவ்வியல்புக்கு யாம் அறிந்த உதாரணங்களுட் சிறந்தது, தன்சானியாவின் பெருநிலப்பகுதி தங்கனிக்கா என வழங்கிய காலத்திற் பிரித்தானியர் அங்கு நடத்திய நிலக்கடலைத் திட்டமாகும். நாம் கச்சான் என்று கொறிக்கும் அதே கடலைதான்.

இரண்டாம் உலகப்போரின் பின் பிரித்தானியாவில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பெருந்தட்டுப்பாடு நிலவியது. ஆகவே நோக்கத்தை யாரும் குறைகூற முடியாது. 1946இல் ஜோன் வேக்பீல்ட் தலைமையிற் சென்ற குழு ஒன்பது வாரங்களில் நாட்டைச் சுற்றிப் பார்த்தது. நிலத்திற் பெரும்பகுதியை வானூர்தியிலிருந்து நோக்கியது. ஏறக்குறைய 32 இலட்சம் ஏக்கர், ஆறு ஆண்டுகள், இரண்டரைக் கோடி பவுண் எனக் கணக்கும் எழுந்தது. கொங்வாப் பகுதியில் மழை பொய்ப்பது வழக்கம் என்பதை அங்கு வாழும் கோகோ மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். ஆயினும் அவ்வறிவு திட்டத்தில் இடம்பெறவில்லை.

நிலக்கடலை மேலே பூத்து, கீழே மண்ணுக்குட் காய்ப்பது. கொங்வாவின் களிமண்ணோ மழை நின்றதும் வெயிலிற் சுட்ட செங்கல்லாக இறுகுவது. விளைந்தாலும் பிடுங்க இயலாத இடத்திற் பயிரிட்டனர் என்பதே முழுக்கதை. ஆனால் இக்கதையை ஒரு பந்தியில் முடிக்க அரசாங்கங்களால் இயல்வதில்லை.

முதலாண்டில் 150,000 ஏக்கர் என்றனர். விதைத்தது ஏறக்குறைய 7,500 ஏக்கர். உழவு இயந்திரங்கள் பழுதடைந்தன. உடனே போர்க்காலத்து ஷேர்மன் டாங்கிகளை உழவு இயந்திரங்களாக மாற்றி அனுப்பினர். எதிரியோ பெருக்கா மரம்! 1948இற் பொறுப்பு புதியதொரு கூட்டுத்தாபனத்திடம் கைமாறியது. கடலை சரிவராதெனக் கண்டபோது சூரியகாந்தியை விதைத்தனர். வரட்சி அதனையும் தின்றது. திட்டம் மாறியதேயன்றி நிற்கவில்லை. உணவு மந்திரி ஜோன் ஸ்ட்றேச்சியும் பாராளுமன்றத்தில் அதனை விடாது ஆதரித்துப் பேசினார்.

ஏன் எவரும் நிறுத்தவில்லை? நிறுத்தும் அதிகாரம் உடையவரே, நிறுத்தினால் விளக்கம் கூறவேண்டியவருமாயிருந்தார். தொடர்ந்தால் செலவு பொதுப்பணம். நிறுத்தினால் அவமானம் சொந்தப்பணம். செலவழித்த தொகை பெருகப் பெருக, அத்தொகையே மேலும் செலவழிப்பதற்கு நியாயமாயிற்று. சூதாட்டத்தில் ஒருவன் இவ்வாறு செய்தால் உறவினர் கையைப் பிடித்து இழுப்பர். கூட்டுத்தாபனத்துக்கு உறவினர் இல்லை.

1951 சனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. நட்டம் 3 கோடியே 60 இலட்சம் பவுணுக்கு மேல். விதைக்கென்று இறக்குமதி செய்த கடலையிலும் அறுவடையானது குறைவு என்பர். விதையை வறுத்துத் தின்றிருந்தாற்கூட இலாபமே.

கடலை ஏற்றவென்று தெற்கிலே தொடங்கிய முத்துவாராத் துறைமுகத்தின் வேலை, ஏற்றுவதற்குக் கடலை இல்லையென்று தெரிந்த பின்னரும் தொடர்ந்து முடிந்தது. அத்துறைமுகம் இன்றும் பயன்படுகின்றது. அதற்கென இட்ட இருப்புப்பாதை 1960களிற் கைவிடப்பட்டது. கொங்வா நிலம் மாட்டுப்பண்ணையாயிற்று. புல் இல்லாத இடத்தை மாடுகள் எந்த அறிக்கைக்கும் காத்திராது விட்டு நகர்கின்றன.