பந்த வெளிச்சத்தில் வெள்ளைத் துணி

கண்டி எசல பெரஹராவில் புனிதப் பேழையைச் சுமந்து வரும் யானைக்கு முன்னால் தெருவில் வெள்ளைத் துணி விரிப்பார்கள். இருபுறமும் கொப்பரா எரியும் பந்தங்கள். தலதா வீதியில் நின்று பார்ப்பவருக்கு அந்தத் துணி வெள்ளைதான். அங்கே எடுத்த வீடியோவை வீட்டில் போட்டுப் பார்த்தால் துணி காவி நிறத்தில் இருக்கும். சிலருடைய வீடியோவில் துணி வெளுத்திருக்கும், ஆனால் பந்தத்தின் சுவாலை சோகை பிடித்ததுபோல் இருக்கும். வேறு சிலருக்கு யானை நடந்து வர வர அதன் போர்வையின் நிறமே மாறிக்கொண்டு வரும். இந்த மூன்றுக்கும் காரணம் வைட் பேலன்ஸ்.

வெளிச்சம் எல்லாம் ஒரே நிறம் இல்லை. தீச்சுவாலையில் சிவப்பு மிகுதி, நீலம் மிகக் குறைவு. மேகம் மூடிய மலைநாட்டுப் பகலில் நீலம் கூடுதல். நம் கண்ணும் மூளையும் இதைத் தாமாகவே சரிக்கட்டிக்கொள்வதால் வெள்ளை வேட்டி விளக்கடியிலும் வெயிலிலும் நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. கமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதன் சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றையும் வந்தபடியே அளக்கும். பிறகு எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதுதான் வைட் பேலன்ஸ்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் குறிப்பார்கள். மெழுகுதிரிச் சுவாலை ஏறக்குறைய 1,900. வீடியோகாரர்கள் பிடிக்கும் ஹலோஜன் லைட் 3,200. நடுப்பகல் வெயில் 5,500 சொச்சம். மேகமூட்டம் 6,500, நிழல் அதற்கும் மேலே. எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும். ஆனால் கமராவில் எண்ணைக் குறைத்தால் படம்தான் நீலமாகிறது. புதிதாகப் பழகுபவர்கள் குழம்புவது இங்கேதான். 3,200 என்று வைத்தால், “இங்கே இருப்பது மஞ்சள் வெளிச்சம்” என்று கமராவிடம் சொல்கிறீர்கள். அது மஞ்சளை ஈடுகட்ட நீலத்தைக் கூட்டுகிறது. அதே எண்ணோடு வெயிலில் இறங்கினால் கூட்டிய நீலம் அப்படியே படத்தில் ஏறிவிடும்.

படச்சுருள் காலத்தில் இதற்கென்று பொத்தான் கிடையாது. 1984இல் வெளியான இரண்டாவது இண்டியானா ஜோன்ஸ் படத்துக்காகக் கண்டிப் பக்கம் வந்தவர்கள் போன்றோர், 3,200க்கு அல்லது பகல் வெளிச்சத்துக்கு என்று செய்த சுருளைத்தான் வாங்கினார்கள். 3,200 சுருளைப் பகலில் ஓட்டினால் லென்ஸுக்கு முன் செம்மஞ்சள் வடிகட்டிக் கண்ணாடி போட வேண்டும். அதனால் எந்த வெளிச்சம் என்று முதலிலேயே முடிவெடுக்காமல் வழியில்லை. இன்றைய கமராவின் ‘ஓட்டோ’ அந்த முடிவைத் தள்ளிப்போட வைக்கிறது, அதுதான் வம்பு.

ஓட்டோ மோட்டாமோட்டாக ஓர் ஊகத்தை வைத்து வேலை செய்கிறது: காட்சி முழுவதையும் கலந்தால் சாம்பல் நிறம் வர வேண்டும். பேராதனைப் பூங்காவில் மரங்களின் நடுவே ஒருவரை நிறுத்தி எடுத்தால், பச்சை அதிகம் என்று நினைத்து எதிர்ப்பக்கம் தள்ளும். முகம் இளஞ்சிவப்பாகும். பெரஹராவில் பந்தம் சட்டத்துக்குள் வந்தால் நீலத்தைக் கூட்டும், பந்தம் போனதும் குறைக்கும். போர்வையின் நிறம் ஓடுவது இதனால்தான். முழு வீடியோவும் ஒரே அளவில் பிழைத்திருந்தால் எடிட்டிங்கில் திருத்தலாம். ஒரே ஷொட்டுக்குள் நிறம் ஓடினால் திருத்துவது பெரும்பாடு.

கையால் வைப்பது கடினமில்லை. ஒரு வெள்ளை அட்டையை, எடுக்கப்போகும் ஆள் நிற்கும் இடத்தில், அவர் மேல் விழும் அதே வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். கமராவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பயனில்லை. சட்டம் நிறைய அட்டை தெரியும்வரை ஸூம் செய்யுங்கள். அட்டை வெளிச்சம் தாங்காமல் வெடித்துப்போகாதபடி ஐரிஸைக் குறைத்து, வைட் பேலன்ஸ் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். அடையாளம் மின்னி நிற்கும், அவ்வளவுதான். பெரிய கமராக்களில் ஏ, பி என்று இரண்டு நினைவிடங்கள் உண்டு. ஒன்றில் மண்டபத்து வெளிச்சத்தையும் மற்றதில் வெளிவெளிச்சத்தையும் வைத்துக்கொண்டால் வாசலைத் தாண்டும்போது ஒரு சுவிட்ச் போதும்.

அட்டை கொண்டுவர மறந்தவர்கள் பக்கத்தில் நிற்பவரின் வெள்ளை உடையைப் பார்ப்பார்கள். போயா நாளில் கண்டியில் வெள்ளை உடைக்குப் பஞ்சமா? ஆனால் நீலம் போட்டுத் துவைத்த துணி சற்று நீலம். இன்றைய சலவைத் தூள்களில் இருக்கும் வெண்மையூட்டிகள் வெயிலின் புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிவிடும். அதை வெள்ளை என்று கமராவுக்குக் கற்பித்தால் படம் முழுவதும் மஞ்சள் தட்டும். போட்டோகொப்பித் தாளிலும் இதே கோளாறு உண்டு. படக்கடைகளில் கிடைக்கும் சாம்பல் அட்டைதான் நம்பகமானது.

கல்யாண மண்டபம் பெரஹராவைவிடச் சிக்கல். ஜன்னலில் பகல் வெளிச்சம், மேடையில் நீலம் தட்டிய எல்ஈடி, வீடியோகாரரின் மஞ்சள் லைட், நடுவில் ஹோமத் தீ. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெள்ளையாக்க முடியாது. மணப்பெண்ணின் முகத்தில் எது விழுகிறதோ அதற்கு வையுங்கள், மற்றவை எப்படியும் போகட்டும். முடிந்தால் மேடை விளக்கு நிறத்திலேயே கமரா லைட்டையும் பிடியுங்கள். ஓட்டோவில் விட்டால் மஞ்சளைக் குறைக்கிறேன் என்று கிளம்பி, தாலிக் கயிற்றின் மஞ்சளை வெளுக்க வைத்துத் தங்கத்தின் செழிப்பையும் எடுத்துவிடும். அல்பத்தைவிட வீடியோவில் நகை மங்கலாகத் தெரிகிறது என்று வீட்டுக்காரர் குறைபட்டால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இரண்டு கமரா வைத்தால் இரண்டிலும் ஒரே கெல்வின் எண்ணை வைத்து, ஒரே முகத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரஹரா இரவுக்கு என்ன எண்? என் முடிவு 3,200, அதோடு பூட்டிவிட வேண்டும். பந்தத்துக்கே அளவெடுத்து 2,000 பக்கம் இறக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பல கமராக்கள் அவ்வளவு கீழே போகாது. போனாலும் தீ வெள்ளையாகும், தெரு எல்ஈடி விளக்குகளும் யானைப் போர்வையின் மின்குமிழ்களும் கடும் நீலமாகும், இல்லாத நீலத்தைப் பெருக்குவதால் இருட்டில் புள்ளிகள் குமியும். 3,200இல் தீ தீயாகவே இருக்கும், துணி லேசாகப் பொன்னிறம் வாங்கும். நேரில் வெள்ளையாகக் கண்டவரின் நினைவிலும் அது அப்படித்தான் இருக்கிறது. துணியைச் சலவைக்கடை வெள்ளையாக்க வேண்டிய தேவை எனக்குப் புரியவில்லை.

போனில் எடுப்பவர்களும் இதைச் செய்யலாம். பல போன்களின் ‘ப்ரோ வீடியோ’ பகுதியில் வைட் பேலன்ஸுக்குக் கெல்வின் எண் இருக்கிறது. பெரஹரா தொடங்குமுன், தெருவோரம் காத்திருக்கும் நேரத்திலேயே அதை வைத்துவிடுங்கள். கடைசி நாள் பகல் பெரஹராவுக்குப் போகும்போது மறக்காமல் 5,600க்கு மாற்றுங்கள். மறந்தால் யானை, நடனக்காரர், தலதா மாளிகைச் சுவர் எல்லாமே நீலமாக வரும்.