மதம் விட்ட இடமும் தமிழர் திருநாளும்

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் திருச்சபையின் பிடி தளர்ந்தபோது, மதம் இருந்த இடத்தில் இனி எதை வைப்பது என்ற கேள்வி எழுந்தது. பிரான்சின் ஒகுஸ்த் கோம்த் மனிதகுலத்தையே வணங்கும் புது மதம் ஒன்றை வகுத்தார். புனிதர்களுக்குப் பதில் அறிஞர்களைப் போற்றும் நாள்காட்டியை 1849இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் சார்லஸ் பிராட்லாவுக்கு மாற்று வழிபாடே வேண்டியிருக்கவில்லை. நாத்திகரான அவர் 1880இல் தேர்தலில் வென்றும், உறுதிமொழிச் சிக்கலால் நாடாளுமன்றத்தில் நிலையாக அமர 1886 வரை போராட வேண்டியிருந்தது.

பிராட்லாவின் கருத்துகள் அக்காலத்திலேயே சென்னைக்கு வந்துவிட்டன. சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ இதழை நடத்தினர். ஐரோப்பாவில் கடவுள் உண்டா என்பது பெருவழக்காக இருக்க, இங்கே சாதியும் குழந்தை மணமும் விதவையர் நிலையும் முன்னுக்கு வந்தன. பிறகு பெரியாரின் ‘குடி அரசு’ இங்கர்சால், ரசல் ஆகியோரின் சிந்தனையைத் தமிழாக்கி எளிய வாசகரிடம் சேர்த்தது.

பெரியார் மலாயா வந்தது 1929 டிசம்பரில். அங்குள்ள கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். தோட்டங்களில் வேலை, வீடு, கள்ளுக்கடை எல்லாம் நிர்வாகத்தின் கையில் இருந்தன. மாரியம்மன் கோயில் ஒன்றையே தொழிலாளர் தமதென்று சொல்ல முடிந்தது. அதனால் அங்கே கடவுள் மறுப்பைவிடச் சாதி ஒழிப்பு, மதுவிலக்கு, உயிர்ப்பலி நிறுத்தம் போன்ற சீர்திருத்தங்களே எடுபட்டன. இதைச் சுயமரியாதைக் கருத்தின் தோல்வியாகக் கொள்வது சரியல்ல. பட்ட இழிவுக்கு மருந்து எங்கே இருக்கிறது என்பதை அம்மக்கள் அறிந்திருந்தார்கள்.

சிங்கப்பூரில் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கமும் 1935இல் ‘தமிழ் முரசு’ம் தோன்றின. அவ்விதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952இல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தார். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற பிரிவில்லாமல், சாதி பாராமல், தமிழர் ஒன்றுகூடும் விழா அது; மலாயாவிலும் பரவியது. கோம்த் தேடியதும் இத்தகைய பொது விழாவைத்தான். ஆனால் அவருடைய நாள்காட்டி சில அன்பர்களைத் தாண்டவில்லை. அறுவடையையும் மொழியையும் பற்றிக்கொண்டதால் இவ்விழா மக்களிடம் வேர்விட்டது.

திருமணத்திலும் மாற்றம் வந்தது. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி முஸ்லிம் அல்லாதோர் கோயிலிலும் மணம் முடிக்கலாம், எந்தச் சடங்கும் இல்லாமல் பதிவாளர் முன்பும் முடிக்கலாம். எப்படி முடித்தாலும் பதிவு செய்ய வேண்டும்.