எண்ணெய்க் கிணறும் துளைகருவியும்: உழைப்பும் உடைமையும் பற்றிய ஒரு நோக்கு

பெற்றோலியத்தின் வரலாறு பெரும்பாலும் துணிச்சல் மிக்க தனிமனிதர் சிலரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின் நிலத்தைத் துளைப்பதற்குப் பயன்பட்ட கருவிகளை முதன்மைப்படுத்தி இவ்வரலாற்றை நோக்கும்போது வேறொரு சித்திரம் புலப்படுகின்றது. இக்கருவிகளுள் எதுவும் ஒரு தனிமனிதரின் மூளையிலிருந்து முழுமையாகத் தோன்றியதன்று. பல நாட்டுத் தொழிலாளரும் கொல்லரும் பொறியியலாளரும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அனுபவத்தின் திரட்சியே அவை. அவற்றின் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதோ உடைமை முறையினாலே தீர்மானிக்கப்பட்டது. இவ்விரு உண்மைகளுக்கும் இடையிலான முரண்பாட்டையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

எண்ணெய்க் கிணற்றின் முன்னோடி உப்புக் கிணறாகும். கடலிலிருந்து தொலைவிலுள்ள சீனத்தின் சிச்சுவான் மாநிலத்தில், நிலத்தடி உவர்நீரைப் பெறும் பொருட்டு, பதினோராம் நூற்றாண்டிலேயே ஒடுங்கிய ஆழ்கிணறுகள் துளைக்கப்பட்டன. மூங்கிற் பட்டைகளாலான கயிற்றில் பாரமான இரும்புளி தொங்கவிடப்படும். தொழிலாளர் நெம்புபலகையொன்றில் மாறி மாறி ஏறியும் இறங்கியும் அவ்வுளியை உயர்த்தி விழச்செய்வர். ஒவ்வொரு வீழ்ச்சியிலும் பாறை சிறிது நொறுங்கும். இம்முறையினால் 1835 ஆம் ஆண்டில் சிகொங் நகரின் சென்ஹாய் கிணறு 1,001 மீற்றர் ஆழத்தை எட்டியது. கிணற்றிலிருந்து வெளிப்பட்ட இயற்கை வாயுவை எரித்தே உவர்நீரைக் காய்ச்சினர்.

ஐக்கிய அமெரிக்காவிலும் தொடக்கம் உப்பே. கனாவா ஆற்றங்கரையில் ரவ்னர் சகோதரர்கள் 1808 ஆம் ஆண்டு சனவரியில் 58 அடி ஆழமான உப்புக் கிணற்றைத் துளைத்து முடித்தனர். வளைந்து நிமிரும் நீண்ட மரக்கழியொன்றின் மீள்விசையே அவர்களது உளியை உயர்த்தியது. ஆழம் கூடக்கூட உளி பாறையிடுக்கிற் சிக்கிக்கொள்வது பெருஞ் சிக்கலாயிற்று. இதற்குத் தீர்வாகச் சங்கிலிக் கண்ணிகளைப்போல ஒன்றினுள் ஒன்று வழுக்கியோடும் இரு இரும்புத் துண்டுகளைக் கயிற்றுக்கும் உளிக்குமிடையே இணைக்கும் முறை உருவானது. கயிற்றை மேலிழுக்கும்போது கண்ணிகள் மோதி உண்டாகும் அடி சிக்கிய உளியை விடுவித்தது. உப்புக்கிணறு துளைப்பவரான வில்லியம் மொறிஸ் இதற்கு 1841 இல் ஆக்கவுரிமை பெற்றார்.

இவ்வனுபவத்தின் வாரிசாகவே, 1859 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 ஆம் நாள் பென்சில்வேனியாவின் ரைற்றஸ்வில் என்னுமிடத்தில் எட்வின் ட்றேக்கின் கிணறு 69½ அடியில் எண்ணெயைத் தொட்டது. துளைத்தவர், உப்புக் கிணறுகளுக்குக் கருவி வடித்துப் பழகிய வில்லியம் சிமித் என்னும் கொல்லர். இங்கு ட்றேக்கின் பங்களிப்பும் மறுக்கப்படத்தக்கதன்று. தளர்ந்த மண் சரிந்து துளையை மூடியபோது, பாறைவரை இரும்புக் குழாயை அடித்திறக்கி அதனூடாகத் துளைக்கும் வழியைக் கையாண்டவர் அவரே. ஆயின் அம்முறைக்கு அவர் ஆக்கவுரிமை பெறவில்லை. பிறர் செல்வராயினர்; அவரோ வறுமையுற்றார். 1873 இல் பென்சில்வேனிய அரசு அவருக்கு ஆண்டுக்கு 1,500 டொலர் உதவித்தொகை வழங்க நேர்ந்தது.

இடித்துத் துளைக்கும் முறை கடும்பாறைக்கு ஏற்றது. சரியும் மணலிற் பயனற்றது. எனவே சுழற்றித் துளைக்கும் முறை முன்னுக்கு வந்தது. உள்ளீடற்ற தண்டினூடாகக் கீழே செலுத்தப்படும் திரவம், நொறுங்கிய துகள்களைச் சுமந்து தண்டின் வெளிப்புறமாக மேலேறும். டெக்சாசின் ஸ்பிண்டில்ரொப் மேட்டில் ஹமில் சகோதரர்கள் வெறும் நீருக்குப் பதிலாகச் சேற்றைப் பயன்படுத்தினர். மாடுகளைக் குட்டையில் நடக்கவிட்டுச் சேறு கலக்கினர் என்பர். சேறு துளையின் சுவரிற் படிந்து அதனைச் சரியாது காத்தது. 1901 ஆம் ஆண்டு சனவரி 10 ஆம் நாள் அக்கிணறு பீறிட்டது.

சுழல்முறையின் குறைபாடு துளைமுனையில் இருந்தது. மீன்வாலை ஒத்த அன்றைய முனை மென்னிலத்தைச் சுரண்டியதேயன்றிப் பாறையை உடைக்கவில்லை. பற்கள் கொண்ட இரு கூம்புகள் உருண்டு பாறையை நொறுக்கும் முனைக்கு 1909 இல் மூத்த ஹோவார்ட் ஹியூஸ் ஆக்கவுரிமை பெற்றார். அதன் மூலக் கருத்தைத் தாமே 150 டொலருக்கு அவருக்கு விற்றதாகக் கிறான்வில் ஹியூமசன் என்பவர் பின்னாளில் உரிமை கோரினார். அக்கோரிக்கை எவ்வாறாயினும், ஹியூஸ் கம்பனி முனைகளை விற்காது வாடகைக்கே வழங்கியமை இவ்விடத்து உற்றுநோக்கத்தக்கது. அதே கம்பனியின் மூன்று கூம்பு முனைக்கு 1933 இல் பெற்ற ஆக்கவுரிமை 1951 வரை நிலைத்தது. கருவியைப் பயன்படுத்துவோர் எவராயினும் அதன் உடைமையாளர் ஒருவரே என்னும் நிலை இவ்வாறு நிறுவப்பட்டது.

வேறு சூழல் வேறு கருவியைத் தோற்றுவித்தது. 1922 இல் பாக்கூவில் கபெலியூஷ்னிக்கொவ் உருவாக்கிய சுழலித் துளைகருவியில், தண்டு முழுவதும் சுழல்வதில்லை. அடியிலுள்ள சுழலியைப் பாயும் சேறே சுழற்றும். தரமான உருக்குக் குழாய்கள் அரிதாயிருந்த சோவியத்து நாட்டில் இது பெரிதும் பரவியது. மிகு வேகத்தினால் முனைகள் விரைவில் தேய்ந்தமையும், துளைத்த மீற்றர்களைக் கொண்டே வேலையை அளந்த திட்டமுறை ஆழ்கிணறுகளைப் பின்தள்ளியமையும் அதன் மறுபக்கமாகும். எனினும் கோலா தீபகற்பத்தில் 1970 இல் தொடங்கி 1989 இல் 12,262 மீற்றரை எட்டிய துளை, சுழலி முறையினாலேயே சாத்தியமாயிற்று.

கருவியின் வரலாறு உயிர்களின் வரலாறுமாகும். பீறிடும் கிணற்றை அடைக்கும் தடுப்புக் கருவியை 1922 இல் அபர்குறொம்பியும் கமறனும் வடிவமைத்தனர். ஆயினும் 2010 ஏப்ரில் 20 ஆம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் மேடை வெடித்தபோது, வளைந்துபோன குழாயை அக்கருவியின் வெட்டுத்தகடுகள் முற்றாக வெட்டவில்லை. 11 தொழிலாளர் மாண்டனர். விரைவும் செலவுக்குறைப்பும் முதன்மை பெறுமிடத்துக் கருவி மாத்திரம் மனிதரைக் காப்பதில்லை.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 1974 இல் மன்னார்த் தீவின் பேசாலையிற் சோவியத்து உதவியுடன் கிணறு துளைக்கப்பட்டது. 2011 இல் மன்னார்க் கடற்படுகையில் இயற்கை வாயு கண்டறியப்பட்டபோது, துளைத்தது பிறநாட்டுக் கம்பனி அமர்த்திய பிறநாட்டுக் கப்பலாகும். வளம் நம் கடலடியிலும், அதனைத் தொடும் கருவியும் அறிவும் பிறரிடத்தும் இருக்கும்வரை, பேரம் சமமானதாக அமையாது. உப்புத் தொழிலாளரின் உளியிலிருந்து வளர்ந்த அறிவு மனிதகுலத்தின் பொதுமுதுசொம் ஆகும். அதனை நம் பல்கலைக்கழகங்களிற் கற்றும் கற்பித்தும் நமதாக்கிக்கொள்வது, கிணறு தோண்டுவதற்கு முன்னரே செய்யவேண்டிய பணியென்பது நமது கருத்தாகும்.