மலைநாட்டுச் சங்கங்களும் மான்ய விண்ணப்பமும்

சேந்தமங்கலத்தைக் கடந்து, காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளும் ஏறினால் கொல்லிமலை. அங்குள்ள மலையாளிக் குடிகள் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு முதலியவற்றைப் பரம்பரையாகப் பயிரிட்டு, தானியத்தைத் தொம்பைகளில் காத்து வந்தவர்கள். சேலம், நாமக்கல் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கிற்கு ரொக்கம் கொடுக்கவே, சிறுதானியம் வயலை விட்டு விலகலாயிற்று. விலை மட்டும் காரணமன்று. சாமையின் உமியை நீக்க ஸ்திரீகள் உரலில் குத்திக் குத்திச் சோர்ந்ததும் ஒரு காரணமாகும்.

இவ்விஷயத்தைக் கவனித்தது, 1988-ல் சென்னையில் ஸ்தாபிதமான எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1990-களில் அது மலையில் வேலை தொடங்கிற்று. ஸ்விட்ஸர்லாந்து அரசாங்கத்தின் அபிவிருத்தி ஸ்தாபனமும், ரோமாபுரியிலுள்ள சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியும், பின்னர் கானடாவும் அதற்குப் பொருளுதவி செய்தன. உமி நீக்கும் இயந்திரங்கள் மலைக்கு வந்தன. பெண்களின் சுய உதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின. சாமையரிசி பொட்டலமாகிக் கீழ்நாட்டுக் கடைகளுக்கு இறங்கிற்று. விண்ணப்பம் எழுதியவர் யாவர்? சென்னையிலிருந்த விற்பன்னர்கள். மலைச் சங்கமொன்று தானே எழுதிப் பெற்றிருக்கக் கூடுமா என்று கேட்டால், கூடாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று அவ்வழியும் குறுகிவிட்டது. அந்நிய நன்கொடைச் சட்டத்திற்கு 2020-ல் செய்த திருத்தத்தின்படி, அந்நிய நிதி பெற்ற ஸ்தாபனம் அதை வேறொரு ஸ்தாபனத்திற்கு மாற்றிக் கொடுத்தலாகாது. நேரே பதிவு பெற விரும்பும் சங்கமோ, மூன்று வருஷம் நடந்து, அம்மூன்று வருஷங்களில் 15 லக்ஷ ரூபாய் செலவிட்டிருத்தல் வேண்டும். உரல் பிடிக்கும் பெண்களின் சங்கம் இத்தொகைக்கு எங்கே போகும்? திருத்தம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022-ல் தீர்ப்பளித்துவிட்டது. அந்நியப் பணத்தை அரசாங்கம் கண்காணிப்பதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. பெரிய ஸ்தாபனத்தின் கையைக் கட்டப்போய்ச் சிறிய சங்கத்தின் வாயைக் கட்டியதையே ஆக்ஷேபிக்கிறோம்.

உள்நாட்டு நிதி இல்லையோ எனில், உண்டு. 1919-ல் தோன்றிய ஸர் ரத்தன் டாட்டா டிரஸ்டு போன்ற பழைய தர்ம ஸ்தாபனங்கள் இருக்கின்றன. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 வீதம் சமூகப் பணிக்குச் செலவிடக் கட்டளையிடுகிறது. ஆனால், தாம் தொழில் நடத்தும் பிரதேசத்திற்கு முதன்மை தரும்படியும் அதே சட்டம் சொல்லுகிறது. ஆலையில்லாத மலைக்கு அதனால் என்ன லாபம்? (கொல்லிமலையின் பாக்ஸைட் தாது மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கிய காலமும் உண்டு என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.)

குற்றம் முழுவதும் சட்டத்தின்மேல் இல்லை. தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் கூடினால் சங்கம் பதிவாகும். வருஷந்தோறும் தணிக்கையான கணக்கையும் அங்கத்தினர் ஜாபிதாவையும் பதிவாளரிடம் தாக்கல் செய்வதில்தான் பல சங்கங்கள் தவறுகின்றன. தவறிய சங்கத்தின் விண்ணப்பத்தை எந்த ஸ்தாபனமும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்தாலும் அதில் காண்பது யாது? "மலைவாழ் மக்களின் சர்வதோமுக முன்னேற்றம்" என்ற மங்கள வாசகம்! எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர் சாமை, குத்த எத்தனை நாழிகை, இயந்திரத்தின் விலை என்ன, மானியம் தீர்ந்தபின் மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதினால் போதும். இவை மலைப் பெண்களுக்கு மனப்பாடம். அதை ஆங்கிலப் படிவத்தில் ஏற்றுவோர்தான் இல்லை.

நாமும் வக்கீல் தொழில் புரிந்தவர்களே. ஆதலால் உரிமையோடு கேட்கிறோம். சேந்தமங்கலத்திலும் நாமக்கல்லிலும் வக்கீல்களுக்கும் தணிக்கையாளர்களுக்கும் குறைவில்லை. தேசத்தொண்டர் என்று சொல்லிக்கொள்வோர்க்கும் குறைவில்லை. மாதம் ஒரு நாள் செம்மேட்டிற்கு ஏறி, கூலி வாங்காமல், சங்கங்களின் நிலுவைக் கணக்கை முதலில் தீர்த்துக் கொடுக்கட்டும். விண்ணப்பத்தை அதன்பின் எழுதலாம்.