ரேடார் சொன்னால் வேதவாக்கா?

வேகத்துக்கு அபராதம் என்று நோட்டீஸ் வந்தால் நம்மில் பலர் மறுபேச்சின்றிக் கட்டிவிடுகிறோம். வெளியூர், பாஷையும் அரைகுறை, கோர்ட் எதற்கு என்ற தயக்கம். எனக்கும் ஒன்று வந்தது. 60 கி.மீ. எல்லையுள்ள சாலையில் 78-இல் போனேனாம், ரூ.2,000. "கட்டிட்டு விடுங்கப்பா" என்றான் மகன். ரயில்வேயில் அளவுகருவிகளோடு காலம் தள்ளியவனுக்கு அது ஒப்பவில்லை. அன்று முன்னால் ஒரு டெம்போ ஊர்ந்துகொண்டிருந்தது; நான் ஐம்பதைத் தாண்டவேயில்லை.

ரேடார் தத்துவத்தில் குற்றமில்லை. 24 கிகாஹெர்ட்ஸ் அலை வண்டியில் பட்டுத் திரும்பும்போது, ஒவ்வொரு கி.மீ. வேகத்துக்கும் சுமார் 45 ஹெர்ட்ஸ் மாறும். டாப்ளர் கணக்கு பிசகாது. பிசகுவது கருவியைப் பொருத்திய விதம். சாலையோரத்திலிருந்து சாய்வாகப் பார்ப்பதால் கோணத்துக்குத் திருத்தம் கொடுப்பார்கள். 25 டிகிரி என்று பதித்துவிட்டு 15 டிகிரியில் முடுக்கினால், 60-இல் போகிற வண்டி 64 என்று தெரியும். தவிர, கதிர் டார்ச் வெளிச்சம்போல விரியும். பக்கத்து வண்டியின் எதிரொலியும் வந்து விழலாம். என் நோட்டீஸ் படத்தில் வலப்புறம் ஒரு பஸ் பாதி தெரிந்தது!

ரயிலில் வேகமானி மேல் சந்தேகம் வந்தால் கி.மீ. கல்லுக்குக் கல் ஸ்டாப்வாட்ச் பிடிப்போம். 45 விநாடி என்றால் மணிக்கு 80. ரோட்டில் நடந்து முடிந்ததற்கு அந்த வசதியில்லை. காகிதத்தைத்தான் கேட்க வேண்டும். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யின்படி, கருவி சரியாக இயங்குகிறது என்று மாநில அரசு நியமித்த அதிகாரியின் சான்றிதழ் வேண்டும். வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும். மளிகைக் கடைத் தராசுக்குப் போல ரேடாருக்கும் சரிபார்த்து முத்திரையிடும் விதிகள் 2025-இல் அறிவிக்கப்பட்டன.

பணம் கட்டாமல், வழக்காடுவதாகத் தெரிவித்தேன். வக்கீல் வைக்கவில்லை. "மெதுவாகத்தான் போனேன்" என்று கோர்ட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதை நான் எடுக்கவேயில்லை. ஹிந்தியில் ஒரு பக்க மனு. அன்றைய தேதிக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ், பதித்த கோணம், அளந்த லேன் எது என்ற விவரம், இவ்வளவுதான் கேட்டேன். முதல் வாய்தாவில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் சான்றிதழ் வந்தது. நான் போன நாளுக்கு நான்கு மாதம் முன்பே காலாவதியானது. மாஜிஸ்டிரேட் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார், நோட்டீஸைத் தள்ளுபடி செய்தார்.

கோணம், லேன் விவரங்கள் கடைசிவரை வரவில்லை. எனக்கு அதுதான் குறை.

நிஜமாகவே 78-இல் போனவர்கள் கட்டிவிடுவதே நியாயம். மற்ற அன்பர்களுக்காக அந்த மனுவின் நகலைச் சங்க நூலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன்.