சுண்டுவிரல் ஊன்றிய கை

கண்டியில் கைமாறி வரும் பழைய கிற்றார்கள் சிலவற்றில், ஒலித்துளைக்குக் கீழே, கடைசிக் கம்பியைத் தாண்டி, வார்னிஷ் தேய்ந்து வெளிறிய ஒரு சிறு வட்டம் இருக்கும். வாசித்தவரின் சுண்டுவிரல் ஆண்டுக்கணக்காய் ஊன்றி நின்ற இடம் அது.

1960களின் நடுவில் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்களப் பாட்டுக்குள் மின்கிற்றாரைக் கொண்டுவந்தார். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப் பாடினார்கள். வானொலியில் கேட்டதை இளைஞர்கள் விறாந்தையில் இருந்து வாசித்துப் பார்த்தார்கள். மூத்தவர்களின் கையைப் பார்த்துப் பிடித்ததுதான் பாடம். பாடிக்கொண்டே, கையைப் பார்க்காமல், கம்பியை மீட்டும் பிக் சரியான கம்பியில் விழவேண்டும். அதற்குச் சுண்டுவிரல்தான் எல்லைக்கல்.

ஆனால் பைலாப் பாட்டின் 6/8 தாளம் தொடங்கியதும் அதே விரல் பலகையை விட்டு எழும்பிவிடும். மணிக்கட்டு முழுதாய் ஆடாமல் அந்தத் தாளம் துள்ளாது. இடையிசைக்கு ஊன்றுவதும் அடிக்கு எடுப்பதும் அவர்களுக்கு யோசிக்காமலே வரும். அந்தக் கைகள்மீது எனக்குப் பெரிய மதிப்பு.

இன்று பிள்ளைகள் லண்டன் இசைப் பரீட்சைகளுக்குப் படிக்கிறார்கள். கிளாசிக்கல் முறையில் சுண்டுவிரல் எதையும் தொடக்கூடாது. காரணம் நியாயமானதே. மோதிரவிரலும் சுண்டுவிரலும் தசைநாரால் பிணைந்தவை. ஒன்றை அழுத்தினால் மற்றது விறைக்கும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் என்று தொடராய் மீட்டினால் நாலாவது ஒலி மெலிந்துபோகும். ஐரோப்பாவில் லூட் என்ற கம்பிக் கருவியை வாசித்தவர்களும் விரலூன்றியவர்கள்தான். கிளாசிக்கல் கிற்றார் அந்த வழக்கத்தை மெல்ல மெல்லக் கைவிட்டது.

மின்கிற்றார் எடுக்கும் பிள்ளையையும் கையை அந்தரத்தில் வைக்கச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வேகம் கூடியதும் பிக் தடுமாறும், தொடாத கம்பிகளும் சேர்ந்து இரையும். உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜில் படிந்தால்தான் அவை அடங்கும். கிற்றார்க் கலைஞர் மார்க் நொப்ளர் இரண்டு விரல்களை ஊன்றித்தான் வாசிக்கிறார். அவருடைய ஒலியில் என்ன குறை?

பிள்ளையைக் கண்டிக்குமுன் ஒன்று செய்து பாருங்கள். சுண்டுவிரலுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கடதாசித் துண்டை வைத்து வாசிக்கச் சொல்லி, பாதியில் இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் விரல் அழுத்தவில்லை, கையை அப்படியே விட்டுவிடலாம். சிக்கினால், அன்றைய பாடத்தை அரை வேகத்தில், விரலைத் தூக்கி வாசிக்கட்டும்.